ரோட்டர் கழற்றிய ஜீப்

என் பெயர் கொளஞ்சியப்பன், வயது முப்பத்து நான்கு, தகப்பனார் பெயர் பிச்சைமுத்து. தென்னாற்காடு மாவட்டம், கள்ளக்குறிச்சி வட்டம், தியாகதுருகம் மலையடித் தெருவில் மனைவி மக்களுடன் குடியிருக்கிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். அதே ஊரில் நிலபுலனும் கடுக்காய் மண்டியும் வைத்திருக்கும் நாராயணசாமி என்பவரிடம் ஜீப் டிரைவராக வேலை செய்கிறேன். திருடு போனதாக அவர் புகார் கொடுத்திருக்கும் ஜீப்பை ஓட்டுகிறவன் நான்தான். புகாரில் குற்றவாளி என்று காட்டப்பட்டிருக்கும் வேடியப்பனை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் கல்வராயன் மலையில் கரியாலூருக்கு மேலே கொட்டாம்பாறை என்ற சிற்றூரில் சாமை விவசாயம் செய்கிறவர். எனக்கு உறவில்லை, பகையும் இல்லை.

மேற்படி ஜீப் ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். ரோடு இல்லாத இடத்தில், ஓடையில், உழுத வயலில், கல் மேட்டில் எல்லாம் போகும். மழைக்காலத்தில் மலைக்குப் பஸ் நின்றுபோனாலும் இந்த வண்டி நிற்காது. முதலாளி அதன் மேல் உயிரையே வைத்திருந்தார். சம்சாரத்தின் நகையைப் பீரோவில் போட்டுப் பூட்டியதோடு விட்டுவிடுவார், வண்டியை அப்படி விடமாட்டார். ஸ்டீயரிங்கையும் கிளச்சு மிதியையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பெரிய பூட்டாகப் பூட்டுவார். அதற்கு மேல் ரோட்டரையும் கழற்றிக்கொள்வார். இதை எழுதிக்கொள்கிற போலீஸ் அய்யா விளக்கமாகக் கேட்டதால் சொல்கிறேன். பெட்ரோல் வண்டியில் பானட்டைத் திறந்தால் பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற கறுப்பு மூடி ஒன்று இருக்கும். அதற்கு அடியில் கட்டைவிரல் அளவுக்குச் சுற்றுகிற சாமான்தான் ரோட்டர். சாவி இல்லாவிட்டாலும் ஒயரைச் சேர்த்து வண்டியைக் கிளப்பிவிடலாம். ரோட்டர் இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட மெக்கானிக்காலும் கிளப்ப முடியாது. மலைக்கு ஓடுகிற ஜீப் டிரைவர்கள் எல்லோரும் ராத்தங்கலில் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் படுப்போம். முதலாளி என்னிடம் விடாமல் அந்த வேலையைத் தானே பார்ப்பார்.

இந்த செப்டம்பர் மாதம் எங்கள் சாதிச் சங்கத்தார் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். முதலாளியும் மறியலுக்குப் போவதாக இருந்தார். அவர் மகன் அறிவுச்செல்வனுக்குப் போன வருஷம் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை, அந்த வருத்தம் அவருக்கு நிறைய உண்டு. அதை நான் தப்பு சொல்லமாட்டேன், கேட்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் மறியலுக்குப் போகிறவருக்கு மறியல் ஆட்கள் மேலேயே நம்பிக்கை இல்லை. முன்பொரு மறியலில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் வண்டியை ஆள் ஏற்ற வாங்கிப் போய், டயரும் பேட்டரியும் இல்லாமல் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்களாம். இவர் வண்டியும் அப்படி ஆகிவிடும் என்று பயந்தார். ஆகையால் மறியல் தொடங்குவதற்கு முந்தின நாள் வண்டியை மலைக்கு ஏற்றி மறைத்து வைக்க முடிவு செய்து, என்னையும் அழைத்துக்கொண்டு கொட்டாம்பாறைக்கு வந்தார்.

அங்கே அவருக்குக் கடுக்காய் கொடுக்கிற வாடிக்கைக்காரர் வேடியப்பன். அவருடைய களத்தில் பலா மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். அதன் பிறகு முதலாளி சங்கிலி போட்டுப் பூட்டினார். சாவியை எடுத்துக்கொண்டார். ரோட்டரைக் கழற்றித் துணியில் சுற்றி மடியில் செருகிக்கொண்டார். அதன் பிறகு டூல்ஸ் பெட்டியைத் திறந்து நான் அவசரத்துக்கு வைத்திருந்த பழைய ரோட்டரையும் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு என் சட்டைப் பையையும் தடவிப் பார்த்தார். களத்தில் வேடியப்பனும் அவர் சம்சாரம் தைலம்மாளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. நான் அவரைப் பார்த்து, "ஒன்னு எங்கிட்ட இருக்கட்டும் மொதலாளி, ஒரு ஆத்திரம் அவசரம்னா இன்னா பண்றது?" என்று கேட்டேன். அதற்கு அவர், "இங்க இன்னாடா அவசரம் வரப்போவுது? நீ வண்டிய எங்கியும் எடுக்கக்கூடாதுன்னுதான் எடுத்துக்கினு போறேன்" என்றார். அதன் பிறகு என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு, கரியாலூரில் கடைசிப் பஸ்ஸைப் பிடித்துக் கீழே இறங்கிப் போனார். கிளம்பாத வண்டிக்குக் காவல், அந்தக் காவல்காரன் மேலும் நம்பிக்கை இல்லை. இப்படியாக நான் அங்கே உட்கார்ந்தேன்.

மறுநாளிலிருந்து பஸ் ஏறவில்லை. கீழே புளிய மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருப்பதாக நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். நான் வேடியப்பன் வீட்டில்தான் சாப்பிட்டேன். தைலம்மாள் என்னைத் தம்பி என்று கூப்பிடுவார், நான் அக்கா என்பேன். வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிற என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, ஜீப்பு கன்னு போட்ருக்கா, இப்டி பாத்துக்கினு கீற?" என்று கேலி செய்வார். அந்த ஊரில் ஒரு வீட்டுக்கும் பூட்டு கிடையாது என்பதை நான் இந்த இடத்தில் சொல்ல விரும்புகிறேன். படலைச் சாத்திவிட்டுக் காட்டுக்குப் போவார்கள். வண்டிக்குப் போட்ட பூட்டைத்தான் அந்த ஊர்க்காரர்கள் வந்து வந்து பார்த்தார்கள்.

மறியல் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் தைலம்மாள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் கொல்லைக்குப் போனார். கொல்லை ஓரத்து மரத்தில் கதண்டு கூடு கட்டியிருந்தது அவருக்குத் தெரியவில்லை. கதண்டு என்பது குளவியை விடப் பெரிய விஷ வண்டு, கூட்டமாக வந்து கொட்டும். கூச்சல் கேட்டு வேடியப்பனும் அவர் தம்பி முனியனும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடி அவரைத் தூக்கி வந்தார்கள். முகமும் கழுத்தும் ஆளை அடையாளம் தெரியாதபடி வீங்கிவிட்டன. காதுக்குள் ஒரு கதண்டு செத்துக் கிடந்தது, அதை முனியன் குச்சியால் எடுத்தார். சுண்ணாம்பு தடவினார்கள், தழையை அரைத்துப் பூசினார்கள். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார், மூச்சு இழுத்தது. கொட்டு அதிகம், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வண்டியைப் பார்த்தேன்.

ரோட்டர் இல்லை, வண்டி கிளம்பாது என்று சொன்னேன். வேடியப்பனுக்கு அது விளங்கவில்லை. "அம்மாம் பெரிய வண்டி, அந்தத் துக்குணூண்டு சாமான் இல்லாம போவாதா?" என்று கேட்டார். போகாது என்றேன். அவர் என்னைக் கோபித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும், அவர் கோபிக்கவில்லை. நான் பலாக் கட்டைத் துண்டு ஒன்றை ரோட்டர் மாதிரி செதுக்கி, டார்ச் லைட்டில் இருந்த பித்தளைத் தகட்டை வெட்டி அதன் தலையில் பதித்து மாட்டினேன். ஒயரைச் சேர்த்துவிட்டு, முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். இன்ஜின் ஒரு தரம் செருமியது. களத்தில் இருந்த பெண்கள் சாமியைக் கூப்பிட்டார்கள். திரும்பச் சுற்றினேன். கட்டை வெடித்துவிட்டது. கை தோல் உரிகிறவரைக்கும் சுற்றினேன், அதற்கு மேல் செருமல்கூட இல்லை. அந்த நேரத்தில் எனக்கு முதலாளி மேல் வந்த ஆத்திரத்தை இதில் எழுத வேண்டாம் என்று அய்யாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு முனியன்தான், வண்டி கிளம்பாவிட்டால் என்ன, ரோடு இறக்கம்தானே, தள்ளி விடலாம் என்று சொன்னார். கட்டிலில் தூக்கிப் போனால் அடிவாரம் சேர ராத்திரி ஆகிவிடும். வண்டியை உருட்டினால் இறக்கத்தில் தானாக ஓடும், ஏற்றம் வருகிற இடத்தில் ஆட்கள் தள்ளலாம், பிரேக் இருக்கிறது. யோசனை சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டீயரிங்கில் சங்கிலி பூட்டியிருந்தது. வேடியப்பன் வீட்டுக்குள் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார். வந்தவர் உடனே உடைக்கவில்லை. என் எதிரில் நின்று, "டைவரு, நீ வாணாம்னா சொல்லு, நான் கட்டில்ல தூக்கினு போறேன். உனக்குப் பொல்லாப்பு வாணாம்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். வாயால் சொல்லாததை அப்படி எழுத முடியாது என்று அய்யா சொல்லிவிட்டார்.

பூட்டு உடைந்தது. அதன் பிறகு தைலம்மாளைப் பின்னால் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். தலையை மடியில் வைத்துக்கொண்டு வேடியப்பன் உட்கார்ந்தார். நான் ஸ்டீயரிங் பிடித்தேன். முனியனும் ஊர் ஆட்களும் தள்ளினார்கள். கரியாலூர் வழியாக இறங்கும்போது இறக்கத்தில் அவர்கள் பின்னால் ஏறித் தொங்கிக்கொண்டு வருவார்கள், ஏற்றம் வந்தால் குதித்துத் தள்ளுவார்கள். ஓர் ஏற்றத்தில் வண்டி பின்னால் சரிந்தது. முனியன் கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்குப் போட்டதில் அவர் கால் விரல் நசுங்கியது. அவர் அதற்காக நிற்கவில்லை. இன்ஜின் சத்தம் இல்லாததால் பின்னால் தைலம்மாள் மூச்சு இழுப்பது எனக்கு நன்றாகக் கேட்டது. இன்ஜின் ஓடியிருந்தால் அது கேட்டிருக்காது. நடுவில் ஒரு தரம் அவர் வாந்தி எடுத்துவிட்டு, "தம்பி, வண்டிய அசிங்கம் பண்ணிட்டேன், உங்க மொதலாளி திட்டுவாரு" என்றார். திட்டமாட்டார் அக்கா என்று சொன்னேன்.

பொழுது இறங்குகிற நேரத்துக்கு அடிவாரத்தில் கோமுகி அணை தெரிகிற கடைசித் திருப்பத்துக்கு வந்தோம். திருப்பம் திரும்பியதும் ரோட்டின் குறுக்கே பெரிய புளிய மரம் கிடந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் மறியல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் எங்கள் முதலாளியும் இருந்தார். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. சாமியே கொண்டுவந்து உட்கார வைத்தது என்று நினைத்தேன். அதை மறைக்காமல் சொல்கிறேன்.

முதலாளி மரத்தைத் தாண்டி ஓடி வந்தார். முதலில் ஸ்டீயரிங்கைப் பார்த்தார். "பூட்டு எங்கடா?" என்று கேட்டார். நான், "மொதலாளி, தைலம்மா அக்காவ கதண்டு கொட்டிடுச்சிங்க" என்றேன். அதன் பிறகு பின்னால் பார்த்தார். பார்த்ததும் அய்யய்யோ என்று சொல்லித் தோளில் இருந்த துண்டை எடுத்து அவரே தைலம்மாள் வாயைத் துடைத்துவிட்டார். அவர் ஈவிரக்கம் இல்லாதவர் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். மறியல் ஆட்களும் எழுந்து வந்தார்கள். மரத்தை அசைக்க அவர்களாலேயே முடியவில்லை.

ரோட்டுக்குப் பக்கத்தில் ஓடை இருந்தது. ஓடையில் வண்டியை இறக்கி, மரத்தைச் சுற்றிக்கொண்டு போய், வயல்வழியாகவே ஏறிப் போனால், ரோட்டில் எத்தனை மரம் கிடந்தாலும் நாம் கள்ளக்குறிச்சி போய்விடலாம். அந்த வண்டி அதற்கென்றே செய்த வண்டி. நான் முதலாளியிடம் அதைச் சொல்லி ரோட்டரைக் கேட்டேன். அவர் மடியிலிருந்து துணிச் சுருளை எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை. "அந்தாண்ட போனா வண்டி திரும்பி வராதுடா. இங்க இருக்கிறவங்க நம்ப ஆளுங்க. அதுக்கு அப்பால எடத்துக்கு எடம் எவனெவனோ உக்காந்துக்கினு கீறானுங்க. கொளுத்திடுவானுங்க" என்றார். மறியல் ஆட்களே, "நோயாளி வண்டிய எவனும் தொட மாட்டான், உடுங்க அண்ணே, நாங்க கூட வரோம்" என்றார்கள். அவர் கேட்கவில்லை. கட்டில் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் அவர் கையைப் பிடித்தேன். துணிச் சுருள் அவர் கைக்குள் இருந்தது. நான் அவரை விட வயதில் சின்னவன், பலமுள்ளவன், பிடுங்கியிருக்கலாம். இத்தனை வருஷம் அவர் சோற்றைத் தின்ற கை, பிடித்த பிடியிலேயே தளர்ந்துவிட்டது. வேடியப்பன் அவர் காலில் விழுந்தார். முதலாளி அவரைத் தூக்கி நிறுத்தி, "கட்டில்ல சீக்கிரம் போயிடலாம் வேடியப்பா, ஆளுங்க மாத்தி மாத்தித் தூக்குவாங்க" என்றார்.

அப்படியே மறியல் ஆட்கள் தைலம்மாளை மரத்துக்கு மேலாகக் கைமாற்றிக் கொடுத்து, கட்டிலில் வைத்துத் தூக்கினார்கள். நானும் கட்டிலுக்கு ஒரு கால் பிடித்தேன். கொஞ்ச தூரம் போயிருப்போம், பின்னால் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. முதலாளி ரோட்டரை மாட்டியிருக்கிறார். ஒரே இழுப்பில் கிளம்பிவிட்டது. வண்டியைத் திருப்பி மறுபடியும் மறைத்து வைக்க மலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். அது வளைவுக்கு வளைவு ஏறுகிற சத்தம் எங்களுக்கு வெகு நேரம் கேட்டது. வேடியப்பன் ஒரு தரம் நின்று மலைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஓடுது" என்றார்.

ரோட்டில் மேலும் மரங்கள் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் கட்டிலைத் தூக்கி இறக்கினோம். அங்கங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து தோள் கொடுத்தார்கள், ஒருவர்கூட மறிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பாதி வழிகூடப் போகவில்லை. ஓர் ஏரிக்கரையில் ஆள் மாற்றக் கட்டிலை இறக்கியபோது தைலம்மாளுக்கு மூச்சு இல்லை. கரையில் இருந்தவர்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வேடியப்பன் அதை வாங்கி என்னிடம் கொடுத்து, குடி என்றார்.

மறியல் முடிந்து ரோடு திறந்த பிறகு முதலாளி இந்தப் புகாரைக் கொடுத்தார். வண்டி அவரிடமே இருக்கிறது, ஓடிக்கொண்டும் இருக்கிறது, புகார் வேண்டாம் என்று நான் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அதற்கு அவர், "அந்தப் பொம்பள போனது எனக்கும் வருத்தம்தான்டா. ஆனா இன்னிக்கு ஒருத்தன் பூட்ட ஒடச்சான்னு உட்டா, நாளைக்கு மலையே ஒடைக்கும்" என்றார். அதன் பிறகு நான் அந்த வேலைக்குப் போகவில்லை.

வேடியப்பனைப் பிடித்து வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானாகத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். பூட்டை உடைத்தது நான்தான், வண்டியை எடுத்ததும் நான்தான், காவலுக்கு இருந்தவன் செய்ததற்கு என்னையே பிடித்துக்கொள்ளுங்கள் என்று அய்யாவிடம் முதலில் சொன்னேன். அய்யா அதை எழுதவும் செய்தார். அப்போது வேடியப்பன் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார், மனைவிக்குக் காரியம் செய்து மொட்டை போட்டிருந்தார். நான் சொன்னது காதில் விழுந்ததும் எழுந்து வந்து, அய்யா முன்னாலேயே, "நீ எங்க தம்பி ஒடச்ச? கடப்பாரை என் கையில இல்ல இருந்துச்சி? பொய் சொல்லாத" என்று என்னைக் கண்டித்தார். நான் கண் ஜாடை காட்டினேன், அவருக்குப் புரியவில்லை. அய்யாவின் பக்கம் திரும்பி, "நான்தாங்க ஒடச்சேன். அவன் சும்மாத்தான் நின்னுகினு இருந்தான்" என்று சொன்னார். அந்த வார்த்தைக்குக் கைநாட்டும் வைத்துவிட்டார். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பூட்டை உடைத்தது வேடியப்பன்தான். நான் சும்மாத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

எழுதியதை அய்யா எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். இதில் நான் சொன்ன பொய் பூட்டைப் பற்றிய அந்த ஒன்றுதான், அதையும் என் கண் முன்னாலேயே கோடு போட்டு அடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) பி. கொளஞ்சியப்பன்